இரவில் எங்கே தங்கினார்கள்?
ரங்கூன் கல்லூரி மாணவரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ரங்கூன் (யாங்கோன்) நகரத்துத் தாகேதாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். கிளைக்கதைகள் சிலவற்றைக் குறைத்திருக்கிறேன். அவையோரை விளித்துச் சொன்னவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.)



2020 டிசம்பரோடு ரங்கூன் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. அதையொட்டி அறக்கட்டளையார் எனக்கு ‘அந்தக் காலக் கல்லூரி மாணவர்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். இந்தத் தலைப்பு என் வயதுக்காரன் கையில் கிடைத்தால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் குருபக்தி இருந்தது, பையன்கள் விழுந்து விழுந்து படித்தார்கள், இப்போது எல்லாம் கெட்டுப்போயிற்று என்று ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். ஆனால் ரங்கூன் மாணவரின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகம் திறந்த வாரத்திலேயே வகுப்பைப் புறக்கணித்தவர்கள் அவர்கள். கல்லூரி முதல்வரோடு மல்லுக்கு நின்றவர்கள், தேர்வுகளைத் தள்ளிவைக்கச் செய்தவர்கள்.

நம்மிடையே வேறொரு பேச்சு உண்டு. என் தந்தையார் தலைமுறையில் அதைக் கேலியாகச் சொல்வார்கள்: “பர்மாக்காரப் பையன் கொடி பிடித்தான், நம்ம பையன் குடை பிடித்தான்.” கூட்டம் கூடினால் நம் பிள்ளை ஒதுங்கி வீட்டுக்கு வந்துவிடுவான் என்பது பொருள். சிலர் இதைப் புத்திசாலித்தனம் என்பார்கள், சிலர் கோழைத்தனம் என்பார்கள். இரண்டு கட்சியாரும் அது ஏதோ நம் இரத்தத்தில் ஊறிய குணம் என்றே நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாணவன் பகலில் எந்த வகுப்பில் உட்கார்ந்தான், எந்த இனத்தில் பிறந்தான் என்பதைவிட, இரவில் யாரோடு எங்கே படுத்தான் என்பதுதான் அவன் மனப்போக்கை உருவாக்கியது. இந்த நகரத்தின் நூறாண்டு மாணவர் வரலாற்றை அந்த ஒரு கேள்வியை வைத்தே படிக்கலாம் என்பது என் கட்சி. அதை வரிசை எண் போட்டுச் சொல்கிறேன்.

1. விடுதி வேண்டாம் என்று தொடங்கிய கதை

அரசுக் கல்லூரியும் பாப்டிஸ்ட் மிஷன் நடத்திய ஜட்சன் கல்லூரியும் இணைந்து 1920 டிசம்பர் 1ஆம் தேதி பல்கலைக்கழகம் ஆயின. அதுவரை இங்கே படித்தவர்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதித்தான் பட்டம் வாங்கினார்கள். புதிய சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இருந்தன. மாணவர் வளாகத்துக்குள் தங்கியே படிக்கவேண்டும் என்று விதித்தார்கள். ஆங்கிலம் போதாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பு வைத்தார்கள். நிர்வாகக் குழுவில் இந்நாட்டு மக்களின் குரலுக்குப் போதிய இடம் இல்லை.

டிசம்பர் 5ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. மாணவர்களின் குறைகளுள் முதன்மையானது இந்த விடுதிக் கட்டாயம். விடுதிச் செலவு தாங்கக்கூடியவன் வீட்டுப் பிள்ளைதான் இனிப் படிக்கமுடியும், பல்கலைக்கழகம் பணக்காரர் வீட்டுச் சொத்தாகிவிடும் என்றார்கள். நியாயமான வாதம். ஷ்வேடகோன் பகோடா மலையின் தென்மேற்கு மூலையில் கூடிப் பேசி இந்த முடிவை எடுத்த பதினொரு மாணவர்களுக்கு இன்றும் அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. தசாங்மோன் மாதத் தேய்பிறை பத்தாம் நாளில் நமக்கு விடுமுறை விடுகிறார்களே, தேசிய நாள், அது இந்த வேலைநிறுத்தத்தின் நினைவுநாள்தான். விடுமுறை என்றால் சந்தோஷம், எதற்கென்று கேட்டால் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

விடுதி வேண்டாம் என்று வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? வீட்டுக்குப் போகவில்லை. ஷ்வேடகோனைச் சுற்றியுள்ள சயாட்டுகள் என்னும் சத்திரங்களிலும் மடங்களிலும் கூட்டமாகத் தங்கினார்கள். ஊரார் சோறு கொடுத்தார்கள். பெரிய மாணவர்கள் சின்ன மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். நாடெங்கும் தேசியப் பள்ளிகள் முளைத்தது அந்தத் திண்ணைகளிலிருந்துதான். அரசாங்கம் கட்டணத்துக்குக் கொடுக்க நினைத்த கூட்டு வாழ்க்கையை அவர்கள் பகோடா நிழலில் இலவசமாகவே அமைத்துக்கொண்டார்கள். அந்த ருசி அதன்பின் விடவில்லை.

2. விடுதியின் பொற்காலம்

1920களின் இறுதியிலும் 30களின் தொடக்கத்திலும் கமாயுட்டில், இன்யா ஏரிக்குத் தெற்கே, புதிய வளாகம் எழுந்தது. விடுதிகளுக்குப் பழைய அரச நகரங்களின் பெயர்களை வைத்தார்கள்: தகாங், பின்யா, அவா, பெகு, சகாய்ங், தாட்டோன், புரோம். பர்மிய அரசர்களை வீழ்த்திய ஆட்சி, விடுதிக்கு அந்த அரசர்களின் தலைநகரங்களைப் பெயராக வைத்தது. தினமும் அந்தப் பெயர்ப்பலகையின் கீழே நுழைந்து போகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு அது ஒன்றும் சொல்லாமலா இருந்திருக்கும்?

யார் அந்தப் பையன்கள்? ஐராவதி ஆற்றுமுகத்து நெல்லூர்களிலிருந்தும், மேல்நாட்டுப் புன்செய்ப் பூமியிலிருந்தும் வந்தவர்கள். ஊ நூ வக்கேமாக்காரர். ஆங் சான் நட்மாக்கிலிருந்து வந்தவர். ரங்கூனில் இவர்களுக்கு வீடு இல்லை. நகரத்தைப் பார்த்தால் கடையும் வங்கியும் துறைமுகமும் வேறு யார் யாரோ கையில் இருந்தன. விடுதி அறை ஒன்றுதான் அவர்கள் தமது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இடம். கதவைச் சாத்திவிட்டால் வார்டனுக்குக் கேட்காமல் விடியவிடியப் பேசலாம். அயர்லாந்து பற்றியும் ரஷ்யா பற்றியும் புத்தகங்கள் கைமாறின. 1937இல் நகானி புத்தகக் கழகம் பிறந்து இடதுசாரி எழுத்துகளைப் பர்மிய மொழியில் கொண்டுவந்தபோது, வாசகர் கூட்டம் விடுதிகளில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

1936ஆம் ஆண்டுக் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், நம் மாணவர்கள் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். மாணவர் சங்கத்தின் தலைவர் கோ நூ, பின்னாளைய ஊ நூ. அவர் ஒன்றும் சின்னப் பையன் இல்லை. பந்தனோவில் தேசியப் பள்ளியை நடத்திவிட்டு, குடும்பஸ்தராகச் சட்டம் படிக்கத் திரும்பி வந்தவர். சங்க இதழின் பெயர் ‘ஓவே’, மயிலின் அகவல் என்று பொருள். ஆசிரியர் ஆங் சான். அந்த இதழில் பல்கலைக்கழக அலுவலர் ஒருவரைக் கடித்துக் குதறி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நியோ மியா. ஆனால் கட்டுரையில் போட்டிருந்த பெயர் ‘யம மின்’, அதாவது நம்முடைய எமதர்மராஜா! எழுதியவன் யார் என்று நிர்வாகம் கேட்டது. பத்திரிகை தர்மப்படி சொல்லமுடியாது என்றார் ஆங் சான். கோ நூவையும் ஆங் சானையும் வெளியேற்றினார்கள். பிப்ரவரி 25ஆம் தேதி வேலைநிறுத்தம் வெடித்தது.

இதில் நான் கவனிப்பது அந்தப் புனைபெயரை. இதழ் வளாகத்துக்குள் கைக்குக் கை போனது. எமதர்மராஜா யார் என்று பல அறைகளில் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் பெயர் அலுவலகப் படியைத் தாண்டவில்லை. பகலில் மட்டும் பார்த்துக்கொள்கிற வகுப்புத் தோழர்களிடையே இப்படி ஓர் இரகசியம் நாலு நாள் நிற்காது. ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, ஒருவன் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவன் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பழகியவர்களிடம்தான் நிற்கும்.

வேலைநிறுத்தக்காரர்கள் மறுபடியும் ஷ்வேடகோனுக்கே போனார்கள். இன்யா விடுதிப் பெண்களும் கூட வந்தார்கள். அந்தக் காலத்தில் பர்மியக் குடும்பங்களுக்கும் அது சின்ன விஷயமில்லை. தேர்வு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. வெளியேற்றப்பட்டவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தேசத் தந்தையும் ஒரு பிரதமரும் வந்தார்கள். 1938 டிசம்பர் 20ஆம் தேதி செயலகத்தின் முன்னே குதிரைப் போலீஸாரின் தடியடியில் விழுந்து பிறகு உயிர்விட்ட ஆங் ஜோ, ஜட்சன் கல்லூரி மாணவர். செயலகத்துப் பக்கத்தில் போ ஆங் ஜோ தெருவில் பஸ் ஏறும்போது ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. நம்மவர் படுத்த இடம்

இதே ஆண்டுகளில் தமிழ் இளைஞன் எங்கே இருந்தான்? ஊரில் ஆள் குறைவு என்று சொல்லமுடியாது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்கள் 4,00,415 பேர். அவர்களில் இந்தியர் 2,12,929. நகரத்தில் பாதிக்கு மேல் நம் நாட்டவர். துறைமுகத்தில், ரயில்வேயில், குமாஸ்தா மேசைகளில், கடைகளில் எங்கும் இருந்தோம்.

செட்டிநாட்டு இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். கமாயுட்டில் பர்மியப் பையன் பெகு விடுதிக்குள் நுழைந்த அதே வயதில், காரைக்குடிப் பக்கத்துப் பையன் முகல் தெருவில் கிட்டங்கிக்குள் நுழைந்தான். இன்று ஷ்வே போன்தா தெரு. அவனும் ஊரைவிட்டு வந்தவன்தான், அவனும் கூட்டமாகத்தான் படுத்தான். நீண்ட கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், தரையில் கொஞ்சம் இடம், ஒரு பெட்டி, ஒரு கணக்குமேசை. பகலில் அதுதான் கடை, இரவில் பாயை விரித்தால் அதுதான் படுக்கை. பெட்டியடிப் பையனாகச் சேர்வான், மூன்றாண்டுக் கணக்கு. திருத்தமாக எழுதவும், வட்டி போடவும், வந்தவன் முகத்தைப் பார்த்து நாணயம் அளக்கவும் கற்பான். அடுத்தாளாக உயர்வான். அதற்குள் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பி வருவான்.

எனக்குத் தெரிந்து தமிழர் இந்த நாட்டில் நடத்திய மிகச் சிறந்த உண்டுறைக் கல்லூரி கிட்டங்கிதான். கட்டுப்பாடும் சிக்கனமும் படிப்படியான பயிற்சியும் கேம்பிரிட்ஜ்காரனைத் தோற்கடிக்கும். ஆனால் அங்கே பக்கத்துப் பாயில் படுத்தவன் பக்கத்து ஊர்க்காரன், பெரும்பாலும் பங்காளி. பர்மிய விவசாயியைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கடன் சீட்டில் உள்ள பெயரும் நில அடையாளமும். 1929க்குப் பின் நெல்விலை விழுந்ததும் அந்தச் சீட்டுகள் நிலமாக மாறின. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார் வசம் வந்திருந்தது. வேண்டி விரும்பி எடுத்த நிலம் அன்று அது. பணமாகத் திரும்பாததால் நிலமாக வந்தது. இருந்தாலும், விடுதியில் படித்துக்கொண்டிருந்த விவசாயி மகனுக்கு இந்த வேறுபாடு என்ன கணக்கு? ஒரே நகரத்தில் சில மைல் இடைவெளியில் இரண்டு கூட்டத்து இளைஞர்கள் விடிய விடிய விழித்திருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழவில்லை.

ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயர், ஐ.சி.எஸ். அதிகாரியாக வந்து இந்த நாட்டைப் படித்து எழுதியவர், பர்மாவைப் பன்மைச் சமூகம் என்றார். பல இன மக்கள் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொண்டு வாழும் சமூகம் என்று விளக்கினார். பொருளாதாரம் பேசுகிறவர்கள் அதை மேற்கோள் காட்டுவார்கள். நான் அதைப் படுக்கையின் வரலாறாகப் படிக்கிறேன். கடைவீதியில் பகலெல்லாம் ஒன்றாக நின்றவர்கள் விளக்கு வைத்ததும் தத்தம் தெருவுக்குப் பிரிந்துபோனார்கள்.

கல்லூரியில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். குமாஸ்தா, ஆசிரியர், வழக்கறிஞர், சிறு வணிகர் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் வீடு ரங்கூனிலேயே இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பினார்கள். வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வந்தது. செட்டிநாட்டார் நடத்திய ‘தனவணிகன்’ இங்கேதான் வெளியாயிற்று, பிற்காலத்தில் காந்திப் படம் எடுத்த ஏ. கே. செட்டியார் அதன் ஆசிரியராக இருந்தார். வெ. சாமிநாத சர்மாவின் ‘ஜோதி’யும் 1937முதல் இங்கிருந்து வந்தது. உலக அரசியலைத் தமிழில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பத்திரிகை அன்று சென்னையிலேயே அரிது. ஆகவே நம் பையனுக்கு அரசியல் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்கு முசோலினி தெரியும், காந்தி தெரியும், சுபாஷ் தெரியும். கமாயுட்டில் நேற்று இரவு என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் தெரியாது.

4. வேலி தாண்டியவர்கள், வேலி போட்டவர்கள்

மாணவர் இயக்கத்தில் சேர இந்தியப் பிறப்பு தடையாக இருந்ததா என்றால், முழுமையாக இல்லை. 1936 வேலைநிறுத்தக் காலத்தில் மாணவர் சங்க நிர்வாகிகளுள் ஒருவர் எம். ஏ. ராஷித். அலகாபாத்தில் பிறந்தவர். அந்த ஆண்டே உருவான அகில பர்மா மாணவர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. பின்னாளில் ஊ நூவின் அமைச்சரவையில் இருந்தார். ஊ ரசாக் இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். மாண்டலேயில் தேசியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஒரு தலைமுறையை வளர்த்தார். 1947 ஜூலை 19ஆம் தேதி ஆங் சானோடு சேர்ந்து சுடப்பட்டு மாண்டார். தியாகிகள் நாளில் நாம் தலைவணங்கும் ஒன்பது பேரில் ஒருவர்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1930 மே மாதம் துறைமுகக் கூலி வேலையில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் மூண்ட கலவரத்தில் இந்தியர் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சூட்டிலேயே ‘தொ பமா’ (நாம் பர்மியர்) இயக்கத்தின் முதல் அறிக்கை வெளிவந்தது. அதை வெளியிட்ட பா தாங், பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புத் துறையில் இருந்தவர். விடுதி அறைகளில் வளர்ந்த தோழமையில் வெள்ளையன்மேல் இருந்த கோபம் மட்டுமல்ல, நம்மேல் இருந்த கோபமும் கலந்திருந்தது. 1938இல் மறுபடியும் கலவரம். தம் பிள்ளை மாலையில் நேரத்தோடு வீடு திரும்பவேண்டும் என்று ஒரு தமிழ்த் தாய் வாசலில் நின்றாள் என்றால் அதைக் கோழைத்தனம் என்பவர் அந்த ஆண்டுகளை வாழ்ந்து பார்க்காதவர்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. பிறகு நடந்தது உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கதையாக இருக்கிறது, நான் சொல்லவேண்டியதில்லை.

5. ஆண்டவர்களுக்கு இது புரிந்திருந்தது

நான் சொல்லும் கருத்தை எனக்கு முன்பே நன்றாக உணர்ந்தவர்கள் இந்த நாட்டை ஆண்டவர்கள். 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அந்த ஜூலையில் மாணவரோடு மோதல் எதில் வந்தது? பாடத்திட்டத்தில் இல்லை, கட்டணத்தில் இல்லை. விடுதிக் கதவை இரவு எட்டு மணிக்குச் சாத்தவேண்டும் என்ற புதிய விதி உள்ளிட்ட கட்டுப்பாடுகளில் வந்தது. ஜூலை 7ஆம் தேதி படையினர் வளாகத்தில் சுட்டார்கள். அரசுக் கணக்கில் இறந்தவர் இருபது பேருக்கும் குறைவு. நூற்றுக்கு மேல் என்பது மாணவர் கணக்கு. மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆங் சான் பேசிய கட்டடம் அது.

1964இல் பல்கலைக்கழகத்தையே பிரித்தார்கள். மருத்துவம், பொறியியல், பொருளாதாரம், கல்வியியல் ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனம். 1974 டிசம்பரில், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்து மறைந்த ஊ தாண்டின் உடலை மாணவர்கள் வளாகத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய், இடிக்கப்பட்ட சங்கக் கட்டடம் இருந்த இடத்தில் நாட்கணக்கில் காவல் கிடந்தார்கள் அல்லவா? அதற்குப் பின் வந்த மாற்றம்தான் மிக நுட்பமானது. அஞ்சல்வழிக் கல்வி விரிந்தது. 1977இல் வட்டாரக் கல்லூரிகள் வந்தன. முதல் இரண்டாண்டுகளை அவரவர் வட்டாரத்தில், வீட்டிலிருந்து போய்ப் படிக்கவேண்டும். தொழிற்கல்விக்கு முன்னோட்டம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் 1920இல் பிரிட்டிஷார் மாணவனை வற்புறுத்தி விடுதிக்குள் தள்ளினார்கள், 1977இல் அரசாங்கம் அவனை வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு ஆட்சிக்கும் இடையில் விடுதி எதைப் பெற்றெடுத்தது என்பதை இரண்டாமவர் மறக்கவில்லை.

6. தாகேதாவின் மாணவன்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தாகேதாவுக்கும் பல்கலைக்கழக வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பீர்கள். 1958 முதல் 60 வரை நடந்த இடைக்கால ஆட்சியில், நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களை வெளியேற்றி வடக்கு ஒக்கலாப்பா, தெற்கு ஒக்கலாப்பா, தாகேதா என்று மூன்று புதிய நகரங்களில் குடியேற்றினார்கள். போரில் வீடிழந்தவர்கள், கிராமப்புறச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், அவர்களுக்கிடையே நம் மக்களும் இங்கே மனை பெற்றார்கள். பசுண்டாங் ஓடைக்கு இந்தப் பக்கம் வயலும் சதுப்பும். பல்கலைக்கழகமோ நகரத்தின் மறுகோடி.

1964இல் கடைகள் தேசியமயமாயின. இலட்சக்கணக்கான நம்மவர் கப்பலேறினார்கள். தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிகளும் அரசுடைமையாகி அந்த வகுப்புகள் மறைந்தன. கிட்டங்கி என்ற கல்லூரியும் அத்தோடு மூடியது. தங்கியவர்களுக்கு மிச்சமிருந்தது வீடும் கோயிலும்.

நான் போட்டதாங்கில் இருந்த இரண்டாம் வட்டாரக் கல்லூரிக்கு இங்கிருந்துதான் போனேன். உலகப்போர்க் காலத்து ஷெவர்லே லாரியை மரப்பலகை வைத்துப் பஸ் ஆக்கியிருப்பார்கள். அதன் பின்படியில் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கினால் ஓடையைத் தாண்டலாம். ஏறும் முன் அம்மா தவறாமல் சொல்லும் ஒரே புத்திமதி, “விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுப்பா.” கல்லூரி முடிந்ததும் பர்மிய நண்பர்கள் தேநீர்க் கடையில் உட்காருவார்கள். ஒரு குவளை வாங்கிவிட்டு வெறுந்தேநீர்க் கூஜாவை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசமுடியும். நான் முதல் குவளையோடு எழுந்துவிடுவேன். பேச்சு சூடு பிடிக்கிற நேரத்துக்கு நான் பஸ்ஸில் இருப்பேன். அவர்களும் வீட்டுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

ஏன் நம் வீட்டில் மட்டும் அந்த அவசரம்? அம்மாவின் கவலைக்கு ஒரு காகிதம் காரணம். இந்த அவையில் மூத்தவர்களுக்கு எஃப்.ஆர்.சி. என்ற மூன்றெழுத்தை விளக்கவேண்டாம். வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு. இங்கேயே பிறந்து இங்கேயே கிழமானவர்கள் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று தரமாகப் பிரித்தது. எஃப்.ஆர்.சி. வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் இருந்தும் மருத்துவம், பொறியியல் கிடைக்கவில்லை. கூட்டத்தில் பிடிபட்டால் பர்மியப் பையன் சிறைக்குப் போவான். நம் பையன் சிறைக்கும் போவான், குடும்பத்தின் சீட்டும் போகும். நம் மாணவனின் ‘மனப்பான்மை’ என்று எதைச் சொல்கிறோமோ அது இந்த இரண்டின் கூட்டுத்தொகை: ஒன்று விளக்கு வைக்கும் நேரம், மற்றொன்று பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றிவைத்த சீட்டு. குணம் என்று பெயர் வைக்க இதில் ஒன்றுமில்லை.

7. ஒரு மறுப்பும் அதற்கு என் பதிலும்

விவரம் தெரிந்தவர்கள் இங்கே என்னை மடக்கலாம். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபிறகும் 1988 எழுச்சி எப்படி வந்தது? தோற்றுவாயைப் பாருங்கள். மார்ச் 12ஆம் தேதி தேநீர்க் கடையில் பாட்டு கேசட் பற்றிய ஒரு தகராறு. மறுநாள் மாணவர் போன் மோ சுடப்பட்டு இறந்தார். இடம் ரங்கூன் தொழில்நுட்ப நிறுவனம், விடுதியோடு எஞ்சியிருந்த வளாகம். அங்கிருந்துதான் தீ கமாயுட்டுக்குப் பரவியது. ஆகஸ்டில் நாடே எழுந்தபோது கதை மாணவர் கையைத் தாண்டிப் பெரிதாகிவிட்டது, அதை என் சூத்திரத்துக்குள் அடைக்க நான் முயலவில்லை. ஆனால் பொறி எங்கே விழுந்தது என்பது எனக்கு முக்கியம்.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த காலமே அதிகம். 1996 டிசம்பர்ப் போராட்டத்துக்குப் பிறகு இளங்கலை மாணவரை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். டகோன், மேற்கு யாங்கோன், தன்லின் பக்கம் தார்வாவில் கிழக்கு யாங்கோன் என்று பல்கலைக்கழகங்கள். மாணவனின் வாழ்க்கை பஸ் இருக்கையில் கழிந்தது.

2007இல் மறுபடியும் வீதி நிறைந்தது. யார் வந்தார்கள்? பிக்குகள். துறவி என்ற உடையைப் பார்க்கிறோம், அவர்களில் பெரும்பாலோர் மாணவர் என்பதை மறக்கிறோம். பாலி மொழியில் திரிபிடகம் படித்துத் தேர்வு எழுதும் இருபது வயது இளைஞர்கள். நம் பக்கத்துத் தெற்கு ஒக்கலாப்பாவில் ஙுவே ச்சா யான் மடத்தை செப்டம்பர் 27 அதிகாலை இருட்டில் தாக்கினார்களே, அது ஒரு பாடசாலை. நாட்டில் மாணவர் கூட்டமாகத் தங்கிப் படிக்கும் இடம் என்று மிச்சமிருந்தது மடங்கள்தாம். கூட்டமும் அங்கிருந்துதான் வந்தது. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை.

8. இந்த அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம்

2013 இறுதியில் பழைய வளாகத்தில் இளங்கலை வகுப்புகள் மீண்டும் தொடங்கின, தேர்ந்தெடுத்த சிலருக்கு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் காலையில் ‘ஃபெர்ரி’ பஸ் பிடித்துத் தன்லின் பாலம் தாண்டித் தார்வாவுக்குப் போய், பிற்பகலில் திரும்பி, டியூஷனுக்கோ கடைக்கோ போகிறார்கள். பெகு, மோல்மேன் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் தாகேதாவில் உறவினர் வீட்டு மூலையில் பாய் போடுகிறார்கள்.

இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சொற்பொழிவும் பரிசும் வழங்குகிறது. நல்லது. என் விண்ணப்பம், அந்தப் பணத்தோடு கோயில் குழுக்களும் சேர்ந்து இங்கே ஒரு மாணவர் இல்லம் கட்டவேண்டும் என்பது. இருபது பேர் தங்கினால் போதும். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலகை மாட்டினால் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன், அது முகல் தெருவை மறுபடி கட்டுவது. பாதி இடம் கரென், மொன், பர்மியப் பிள்ளைகளுக்குப் போகவேண்டும். ஒரே உணவுக்கூடம் வேண்டும். சைவச் சமையலா, மாட்டிறைச்சி உண்டா இல்லையா என்று உடனே சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சண்டையைப் பெரியவர்கள் தீர்த்துவைக்கவேண்டாம், தங்கப்போகும் பிள்ளைகளே பேசி முடிக்கட்டும்.

பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். இங்கேதான் உங்கள் முகங்கள் மாறுகின்றன, மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. இன்யா விடுதியில் 1936இல் இருந்த பெண்களின் தாய்மார்களும் இப்படித்தான் முகம் சுளித்திருப்பார்கள். கதவை எத்தனை மணிக்குச் சாத்துவது, காவலுக்கு யார், மகள் ஒருநாள் தாமதமாக வந்தால் வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் கேள்வி நேரத்திலேயே தொடங்கட்டும். அவைத் தலைவர் அனுமதித்தால் முதல் கேள்வி இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிடமிருந்து வரட்டும்.